பாறையில் படியும் கரி: மலை எப்போது தேய்ந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

விறகடுப்பில் சமைக்கும் வீட்டில் சோற்றுப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கரி அப்பியிருக்கும். விரலில் லேசாக ஒட்டினால் நேற்றோ முந்தாநாளோ தேய்த்த பானை. நகத்தால் சுரண்டும்போது செதில் செதிலாகப் பெயர்ந்தால் துலக்கிப் பல நாளாகிவிட்டது. பானையை எப்போது வாங்கினார்கள் என்பதைக் கரி சொல்லாது. அது பாட்டி காலத்துப் பானையாகக்கூட இருக்கலாம். கடைசியாகத் தேய்த்த பிறகு எவ்வளவு நேரம் தீயில் இருந்தது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

மலைப் பாறைகளிலும் இப்படி ஒரு கரி சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கரிக்குப் பெயர் பெரிலியம்-10. தீ, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர். பானையைத் தேய்ப்பவை பனியாறு, நிலச்சரிவு, வெள்ளம். பத்துக் கோடி ஆண்டுப் பழைய கிரானைட் பாறை ஒன்றை 12,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பனியாறு அரைத்துத் தேய்த்துவிட்டுப் பின்வாங்கியிருந்தால், இந்த முறையில் கிடைக்கும் விடை 12,000. பாறை பிறந்த நாளை அளக்க வேறு முறைகள் உண்டு. இது பாறையின் முகம் வெளியே வந்த நாளை அளப்பது. நிலவியலாளர்கள் அதை வெளிப்பாட்டு வயது என்கிறார்கள்.

இந்தக் கணக்கை இன்று உலகம் முழுவதும் பயன்படுத்தும் வடிவத்தில் எழுதிக் கொடுத்தவர் ஓர் இந்தியர்: தேவேந்திர லால். அவர் ஆராய்ச்சியில் நுழைந்தது 1949-இல். அந்தக் கணக்கு முழுமையாக அச்சானது 1991-இல். நடுவே ஏன் நாற்பது ஆண்டு பிடித்தது என்பதைப் பார்த்தால் முறை இயங்கும் விதமும் புரிந்துவிடும்.

தீ எங்கிருந்து வருகிறது?

1912-இல் ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ், காற்றில் உண்டாகும் அயனிகளை அளக்கும் கருவிகளோடு பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறினார். தரையில் உள்ள கதிரியக்கத் தாதுக்கள்தான் அயனிகளுக்குக் காரணம் என்றால் மேலே போகப் போக அளவு குறைய வேண்டும். அவருக்கோ கூடிக்கொண்டே போனது. கதிர் மேலிருந்து வருகிறது என்று அறிவித்தார். 1936-இல் நோபல் பரிசு வந்தது.

இந்தக் கதிர்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள். சூரிய மண்டலத்துக்கு வெளியே, விண்மீன் வெடிப்புகள் போன்ற நிகழ்வுகளில் மிகப் பெரும் வேகம் பெற்றவை. அவை காற்று மண்டலத்தின் உச்சியில் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கருக்களை மோதி உடைக்கின்றன. தெறித்த துண்டுகள் அடுத்த கருக்களை உடைக்கின்றன. இப்படிப் படிப்படியாக இறங்கித் தரைக்கு வந்து சேர்பவற்றில் நமக்கு முக்கியமானவை நியூட்ரான்கள்.

எல்லா அடுப்பிலும் தீ ஒரே அளவாக எரிவதில்லை. இங்கேயும் அப்படித்தான். தீயைக் கூட்டிக் குறைப்பவை இரண்டு. முதலாவது காற்று. நம் தலைக்கு மேல் உள்ள காற்று முழுவதையும் எடை போட்டால் 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். வருகிற நியூட்ரான்களில் பெரும்பங்கை அது விழுங்கிவிடுகிறது. மலை ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் தீயின் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. இரண்டாவது பூமியின் காந்தப்புலம். நிலநடுக்கோட்டுப் பக்கம் அது மின்னூட்டம் கொண்ட துகள்களில் பலவற்றை வளைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறது. துருவப் பக்கம் உள்ளே விட்டுவிடுகிறது. ஆகவே கொழும்புக் கடற்கரைப் பாறையும் நார்வேக் கடற்கரைப் பாறையும் ஒரே காலம் வெளியே கிடந்தாலும், கொழும்புப் பாறையில் கரி குறைவாகவே சேரும்.

கரி எப்படி விளைகிறது?

ஆற்றங்கரைகளில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் கூழாங்கல்லைப் பார்த்திருப்பீர்கள். ஊர்ப்பக்கம் வெங்கச்சங்கல் என்பார்கள். அதுதான் குவார்ட்ஸ்: சிலிக்கனும் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்த தாது. கிரானைட்டில் இருக்கிறது, மணற்கல்லில் இருக்கிறது, ஆற்று மணலில் பெரும்பங்கு அதுதான். எளிதில் கரையாது, சிதையாது.

வானிலிருந்து வந்த நியூட்ரான் குவார்ட்ஸில் உள்ள ஓர் ஆக்சிஜன் கருவின் மேல் மோதுகிறது. அந்தக் கருவில் 8 புரோட்டான், 8 நியூட்ரான். மோதலில் சில துண்டுகள் தெறித்துப் போய் 4 புரோட்டானும் 6 நியூட்ரானும் மிஞ்சினால் அது பெரிலியம்-10. சிலிக்கன் கரு அடிபட்டு 13 புரோட்டானும் 13 நியூட்ரானும் மிஞ்சினால் அது அலுமினியம்-26. இரண்டும் கதிரியக்கம் உள்ளவை. முதலாவதின் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 13.9 லட்சம் ஆண்டுகள். இரண்டாவதின் அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டுகள். பூமி பிறந்தபோது இவை இருந்திருந்தாலும் எப்போதோ அழிந்துபோயிருக்கும். குவார்ட்ஸுக்குள் இன்று ஒரு பெரிலியம்-10 இருக்கிறதென்றால் அது அங்கேயே, அண்மைக் காலத்தில் விளைந்தது.

எவ்வளவு விளைகிறது? துருவப் பக்கம், கடல்மட்டத்தில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஓர் ஆண்டு முழுவதும் சேர்வது ஏறத்தாழ 4 பெரிலியம்-10 அணுக்கள். நாலாயிரமோ நாலு லட்சமோ இல்லை, நாலே நாலு. அலுமினியம்-26 அதைப்போல் ஏழு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

பானைக் கரிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பானையில் கரி வெளியே ஒட்டுகிறது. இது பாறையின் உடம்புக்குள் விளைகிறது. நியூட்ரான் பாறைக்குள் இறங்க இறங்க வலு குறைகிறது. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மேற்பரப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மிச்சம். இரண்டு மீட்டருக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஆகவே பனியாறு இரண்டு மூன்று மீட்டர் பாறையைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனால் பானை சுத்தமாகத் துலங்கிவிட்டது என்று பொருள்.

நாற்பது ஆண்டுக் காத்திருப்பு

1929-இல் வாரணாசியில் பிறந்த லால், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தபோது, ஹோமி பாபா அதைத் தொடங்கி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. பாபாவே காஸ்மிக் கதிர் ஆய்வாளர்தான். சில ஆண்டுகளில் பெர்னார்ட் பீட்டர்ஸ் அங்கு வந்து சேர்ந்தார். ஓப்பன்ஹைமரின் மாணவரான அவர், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த நாட்களில் அங்கே தொடர முடியாமல் பம்பாய்க்கு வந்தவர்.

பீட்டர்ஸும் லாலும் சக ஆய்வாளர்களும் பம்பாயில் ஒரு புதிய கேள்வியைக் கையில் எடுத்தார்கள். காஸ்மிக் கதிர் காற்றில் உடைக்கும் அணுக்களின் துண்டுகள் எங்கே போகின்றன? மழைநீரைச் சேகரித்துப் பெரிலியம் ஐசோடோப்புகளை, அதாவது எடை மட்டும் வேறான பெரிலியம் அணுக்களை, தேடினார்கள். 1957-இல் ஆழ்கடல் வண்டலில் பெரிலியம்-10 இருப்பதை அளந்து வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆர்னால்டும் அதே அணுவைக் கண்டறிந்திருந்தார். லாலும் ஆர்னால்டும் பின்னால் கூட்டாளிகள் ஆனார்கள். 1967-இல் லாலும் பீட்டர்ஸும் சேர்ந்து எழுதிய நீண்ட கட்டுரை, பூமியில் காஸ்மிக் கதிர் எந்த உயரத்தில், எந்த அட்சரேகையில் எவ்வளவு ஐசோடோப்பை உண்டாக்குகிறது என்பதற்கான கைநூலாகவே ஆனது.

பாறையிலேயே அளக்கலாமே என்ற யோசனையும் அந்தக் காலத்திலேயே பிறந்துவிட்டது. 1955-இல் ரேமண்ட் டேவிஸும் ஆலிவர் ஷேஃபரும் ஒரு பாறையில் குளோரின்-36 ஐசோடோப்பை அளந்து, வயது கணிக்க இது உதவும் என்று எழுதினார்கள். (இதே டேவிஸ் பிறகு சூரிய நியூட்ரினோக்களைப் பிடித்து 2002-இல் நோபல் பெற்றார்.) ஆனால் யோசனை அப்படியே தூங்கிவிட்டது. காரணம் வெறும் கணக்கு.

அன்றைக்குக் கதிரியக்க அணுக்களை எண்ண ஒரே வழி, அவை சிதையும் வரை காத்திருந்து ஒவ்வொரு சிதைவையும் எண்ணுவது. ஒரு கிராம் குவார்ட்ஸ் 10,000 ஆண்டு வெயிலில் கிடந்திருக்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 4 வீதம் 40,000 பெரிலியம்-10 அணுக்கள். அரை ஆயுள் 13.9 லட்சம் ஆண்டு என்பதால் ஓர் அணு ஓர் ஆண்டில் சிதையும் வாய்ப்பு இருபது லட்சத்தில் ஒன்று. 40,000 அணுக்களில் ஒன்றே ஒன்று சிதைவதைப் பார்க்க 50 ஆண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவருடைய முழு உத்தியோக காலமும் ஒரு கிராம் மணலுக்கே சரியாகப் போய்விடும்.

கதவைத் திறந்தது 1977. சிதைவுக்குக் காத்திருக்க வேண்டாம், இருக்கிற அணுக்களையே முடுக்கியில் ஓடவிட்டு எடை வாரியாகப் பிரித்து எண்ணிவிடலாம் என்று அந்த ஆண்டில் பல குழுக்கள் தனித்தனியே காட்டின. முடுக்கி நிறைமாலை அளவியல் என்று இதற்குப் பெயர். ஆய்வகங்களில் சுருக்கமாக ஏ.எம்.எஸ். என்பார்கள். லால் அதற்குள் அப்போலோ கொண்டு வந்த நிலவுப் பாறைகளில் காஸ்மிக் கதிர் விட்ட தடங்களை ஆராய்ந்து, அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநராக 1972 முதல் 1983 வரை இருந்து, கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்திலும் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1985-இல் அவரும் ஆர்னால்டும் குவார்ட்ஸ் மணியை அது போகும் வழியெல்லாம் பின்தொடரலாம் என்ற திட்டத்தை இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே நிஷிஇசுமி, லால், கிளைன், மிடில்டன், ஆர்னால்ட் ஐவரும் பாறைக் குவார்ட்ஸுக்குள் விளைந்த பெரிலியம்-10, அலுமினியம்-26 இரண்டையும் அளந்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். யோசனைக்கும் அளவுக்கும் நடுவே முப்பது ஆண்டு.

பாறையிலிருந்து எண் வரை

வேலை மலையில் தொடங்குகிறது. பனியாறு விட்டுச் சென்ற கற்குவியலில் நூற்றுக்கணக்கான பாறைகள் கிடக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது? நல்ல பானை எது என்று பார்க்கும் கண் இங்கே வேண்டும். உயரமாக நிற்கும் பெரிய பாறை வேண்டும். தாழ்வான கல்லை மண்ணும் பனியும் மூடியிருக்கலாம். சில வீடுகளில் அடுப்பேற்றும் முன் பானை அடியில் ஈரமண்ணைப் பூசிவிடுவார்கள், கரி மண்ணோடு போய்விடும். பாறையின் மேல் ஆண்டில் பல மாதம் கிடக்கும் பனியும் இதே வேலையைச் செய்கிறது. தீயைப் பனி வாங்கிக்கொள்ள, பாறையில் கரி குறைவாகச் சேரும். அப்படிப்பட்ட கல்லை எடுத்தால் உண்மையை விட இளைய வயது வரும்.

பனியாறு இழுத்த கீறல்களும் மெருகும் இன்னும் அழியாமல் இருந்தால் மிக நல்லது. தேய்த்த பிறகு அந்த முகம் சிதையவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. உச்சியில் தட்டையான இடத்தில் உளியும் சுத்தியலும் வைத்து மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பெயர்த்தெடுப்பார்கள். ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ. இடத்தின் உயரம், அட்சரேகை, எடுத்த துண்டின் கனம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறும். பிறகு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு திசையிலும் அடிவானத்து மலை எத்தனை பாகை உயரம் என்று அளப்பார்கள். பக்கத்து மலை மறைத்த வானத்திலிருந்து தீ வராது. அதைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

பிறகு ஆய்வகம். கல்லை உடைத்து அரைத்துச் சலிப்பார்கள். அரை மில்லிமீட்டர் சுமாரான மணிகளை மட்டும் வைத்துக்கொண்டு, காந்தத்தால் இரும்புத் தாதுக்களை நீக்குவார்கள். அடுத்து வருவது முக்கியமான படி. மழையோடு இறங்கும் பெரிலியம்-10 மணியின் வெளிமுகத்தில் ஒட்டியிருக்கும். வானத்தில் விளைந்த அது, பாறைக்குள் விளைந்ததை விட மிக அதிகம். போகாவிட்டால் கணக்கே குலைந்துவிடும். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் மணிகளைச் சூடேற்றிக் குலுக்கி, திரும்பத் திரும்ப மேல்தோலைக் கரைத்தெடுப்பார்கள். ஃபெல்ட்ஸ்பார் முதலான மற்றத் தாதுக்களும் இதிலேயே கரைந்துவிடும். கண்ணாடியையே தின்னும் அமிலம் என்பதால் பாத்திரமெல்லாம் டெஃப்லான் அல்லது பிளாஸ்டிக். தோலில் பட்டால் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். குடுவைகளைச் சூட்டோடு உருட்டிக்கொண்டே இருக்க அமெரிக்கத் தெருக்கடைகளில் ஹாட்-டாக் சுடும் உருளை இயந்திரத்தையே வாங்கி வைத்திருக்கும் ஆய்வகங்களும் உண்டு.

கடைசியில் இருபது முப்பது கிராம் சுத்தமான குவார்ட்ஸ் மிஞ்சும். அதைக் கடும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முழுவதும் கரைப்பதற்கு முன் கால் மில்லிகிராம் சாதாரணப் பெரிலியத்தை, அதாவது பெரிலியம்-9-ஐ, அளந்து சேர்ப்பார்கள். சில லட்சம் அணுக்களைத் தனியாக யாரும் கையாள முடியாது. துணைக்குக் கூட்டம் வேண்டும். 25 கிராம் குவார்ட்ஸில் 10 லட்சம் பெரிலியம்-10 இருந்தால், சேர்த்த பிறகு விகிதம் 17 லட்சம் கோடிக்கு ஒன்று என்றாகிறது. அயனிப் பரிமாற்றக் குழாய்களில் வடித்து அலுமினியத்தையும் பெரிலியத்தையும் தனித்தனியாக்கி, பெரிலியத்தைச் சுட்டு வெள்ளை ஆக்சைடுத் தூளாக்கி, நியோபியம் தூளோடு கலந்து சின்னக் குப்பியில் அடைத்துவிட்டால் முடுக்கிக்குத் தயார்.

முடுக்கி பல லட்சம் வோல்ட்டில் அயனிகளை விரட்டுகிறது. நடுவில் ஒரு மெல்லிய படலத்தையோ வாயுவையோ கடக்கும்போது மூலக்கூறுகள் உடைகின்றன. காந்தங்கள் எடைவாரியாகப் பிரிக்கின்றன. ஒரே ஒரு தொல்லை: போரான்-10. எடை கிட்டத்தட்ட ஒன்றே, காந்தத்தால் பிரிக்க முடியாது. ஆனால் அதில் ஒரு புரோட்டான் கூடுதல் என்பதால் பொருளைக் கடக்கும்போது ஆற்றலைக் கூடுதலாக இழக்கும். அதை வைத்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். புதுடில்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான முடுக்கி மையத்திலும், லால் தலைமை தாங்கிய அகமதாபாத் ஆராய்ச்சிக்கூடத்திலும் இன்று இந்த வசதி இருக்கிறது.

தீ எவ்வளவு வேகம்?

கரியின் அளவு தெரிந்துவிட்டது. ஒரு நாளைக்கு எவ்வளவு கரி சேரும் என்று தெரியாமல் நாளை எண்ண முடியாது. அதற்கு எப்போது தேய்த்தது என்று வேறு வழியில் தெரிந்த ஒரு பானை வேண்டும்.

1989-இல் நிஷிஇசுமியும் லாலும் மற்றவர்களும் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பனியாறு மெருகேற்றிய பாறைகளை எடுத்துக்கொண்டார்கள். பனி விலகிய காலம் கார்பன்-14 கணக்கில் சுமார் 11,000 ஆண்டு என்று எடுத்துக்கொண்டு வகுத்தபோது கடல்மட்ட உயர் அட்சரேகைக்கு ஆண்டுக்கு 6 அணு என்று வந்தது. பிறகு பனி விலகிய காலம் இன்னும் முந்தையது என்று தெரிந்தது. ஆய்வகங்களின் பெரிலியம் அளவுகோலும் அரை ஆயுளும் திருத்தப்பட்டன. எரிமலைக் குழம்பு, ஏரி வண்டல் என்று வயது உறுதியான பல இடங்களில் உலகெங்கும் அளந்த பின் இன்றைய மதிப்பு 4-க்கு அருகில் நிற்கிறது. தீயின் வேகத்தைத் திருத்தினால் அதை நம்பிய வயதுகள் எல்லாம் மாறும். பழைய கட்டுரையில் உள்ள வயதை அப்படியே எடுத்தாளாமல், அணு எண்ணிக்கையை எடுத்துப் புதிதாகக் கணக்குப் போடுவது இந்தத் துறையில் வழக்கமாகிவிட்டது.

முறை பொருந்துகிறதா என்று பார்க்க நல்ல இடம் அரிசோனாவின் விண்கல் பள்ளம். அங்கே பாறைகள் ஒரே நாளில் வெளியே வீசப்பட்டவை. 1991-இல் ஒரு குழு பெரிலியம்-10, அலுமினியம்-26 வழியாகவும் இன்னொரு குழு குளோரின்-36 வழியாகவும் அளந்தன. இரண்டுக்கும் கிடைத்தது ஏறத்தாழ 49,000 ஆண்டு.

ஒரே எண், இரண்டு விடை

இப்போது முறையின் நடுப்புள்ளிக்கு வருவோம். லால் 62 வயதில் வெளியிட்ட 1991 கட்டுரை சொல்வது இதைத்தான்.

இரண்டு வீடு. முதல் வீட்டில் பானையைப் போன மாதம் பளபளவென்று தேய்த்துவிட்டு இன்றுவரை தொடவில்லை. இரண்டாவது வீட்டில் முழுதாகத் துலக்கியதே இல்லை. ஆனால் தினமும் சமையல் முடிந்ததும் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்து லேசாக ஒரு தேய்ப்பு. தினம் சேர்வதும் தினம் போவதும் சமமாகி, கரி ஒரே கனத்தில் நின்றுவிடும். இன்று இரண்டு பானையிலும் கரி ஒரே அளவு இருக்கலாம். முதல் பானையின் கரி எத்தனை நாள் என்று சொல்கிறது. இரண்டாவது பானையின் கரி எத்தனை நாள் என்று சொல்லவே சொல்லாது. எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறார்கள் என்று சொல்கிறது.

பாறைக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இடத்தில் ஆண்டுக்கு 5 அணு சேர்கிறது. அளந்தபோது கிராமுக்கு 1,00,000 அணு. பாறை தேயவே இல்லை என்றால் வகுத்தல் சுலபம்: 20,000 ஆண்டு. ஆனால் அந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் விடாமல் அரித்துக்கொண்டே வருகிறது என்றால் அதே எண்ணுக்கு விடை வேறு. காஸ்மிக் தீ இறங்கும் 60 சென்டிமீட்டர் ஆழத்தை எடுத்து, ஆண்டு சேர்மானத்துக்கும் மொத்த இருப்புக்கும் உள்ள விகிதத்தால் பெருக்க வேண்டும். 60-ஐ 5-ஆல் பெருக்கி 1,00,000-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 0.003 சென்டிமீட்டர், ஆயிரம் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் தேய்மானம். சிதைவால் போகும் பங்கு இந்த அளவில் நூற்றில் ஒன்றுதான், விட்டுவிடலாம்.

ஒரே எண். ஒரு பக்கம் வயது, மறுபக்கம் தேய்மான வேகம். எது சரி என்று முடுக்கி சொல்லாது. மலையில் கீறலும் மெருகும் பார்த்த கண்தான் சொல்ல வேண்டும். பனியாறு மெருகு இன்னும் இருக்கும் பாறையில் வயதுக் கேள்வி பொருந்தும். மழைக்காட்டு மலைச்சரிவில் தேய்மானக் கேள்வி பொருந்தும். தவறான கேள்வியைக் கேட்டாலும் சூத்திரம் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும், அதுதான் ஆபத்து. லாலின் சூத்திரம் இரண்டு கேள்வியையும் ஒரே வரியில் எழுதி, எங்கே எது செல்லும் என்ற எல்லையையும் போட்டது. இன்று இந்தத் துறையில் நுழையும் மாணவர் முதலில் படிப்பது அந்தக் கட்டுரையைத்தான்.

இன்னொரு சிக்கல், சரியாகத் தேய்க்காத பானை. பனியாறு அரை மீட்டர் மட்டும் சுரண்டிவிட்டுப் போனால் பழைய கரி உள்ளே தங்கிவிடும். வயது கூடுதலாக வரும். இதனால்தான் ஒரே கற்குவியலில் ஒரு பாறையோடு நிறுத்தாமல் பல பாறைகளை எடுக்கிறார்கள். நாலைந்து பாறை ஒன்றாக 15,000 என்று சொல்ல, ஒன்று மட்டும் 40,000 என்று சொன்னால் அதில் பழைய பாக்கி இருக்கிறது என்று ஒதுக்கலாம்.

பரணில் ஏறிய பானை

பானையைப் பரணில் போட்டுவிட்டால் புதிதாகக் கரி சேராது. பழைய கரி அப்படியே கிடக்கும். இந்த இடத்தில் பானை நமக்கு உதவாது. கரி தானாக மறையாது. பெரிலியமும் அலுமினியமும் மறையும்.

குவார்ட்ஸ் மணி வெளியே கிடந்தவரை, கிட்டத்தட்ட ஒரு பெரிலியம்-10-க்கு ஏழு அலுமினியம்-26 என்ற விகிதத்தில் இரண்டும் அதில் சேரும். அந்த மணி குகைக்குள் அடித்துச் செல்லப்பட்டோ பல மீட்டர் வண்டலுக்கு அடியில் புதைந்தோ போனால் சேர்மானம் நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும். அலுமினியம் வேகமாகக் குறைகிறது, பெரிலியம் மெதுவாக. அதனால் விகிதம் சுமார் 14, 15 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. விகிதத்தைப் பார்த்தால் எப்போது புதைந்தது என்று சொல்லிவிடலாம். வேறு வழியில் வயது சொல்ல உதவும் எரிமலைச் சாம்பல் இல்லாத இடங்களில், கார்பன்-14 எட்டாத காலங்களுக்கு இது பெரிய வரம். சீனாவின் ஜோகோடியன் குகையில் பீக்கிங் மனிதனின் கற்கருவிகள் இருந்த அடுக்குக்கு 2009-இல் இதே வழியில்தான் ஏறத்தாழ 7.7 லட்சம் ஆண்டு என்று வயது கிடைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கம். ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-இல் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு ஆகியும் அவற்றின் வயது ஊகமாகவே இருந்தது. சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் ஆழமாகத் தோண்டி, அடுக்கு அடுக்காகக் களிமண்ணுக்குள் புதைந்து கிடந்த கைக்கோடரிகளை எடுத்தார்கள். கருவிகள் குவார்ட்ஸைட் கல்லால் ஆனவை. அதாவது கருவியே குவார்ட்ஸ், சோதனைக்குரிய பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. பிரான்ஸ் ஆய்வாளர்களோடு சேர்ந்து அலுமினியம்-26, பெரிலியம்-10 விகிதத்தை அளந்து 2011-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். வண்டலில் பதிந்த பழைய காந்தத் திசை குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு என்றது. கருவிகளின் ஐசோடோப் கணக்கு சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்றது. தென்னிந்தியாவில் கைக்கோடரி செய்தவர்கள் அதுவரை நினைத்ததை விட மிகப் பழையவர்கள் என்று ஆயிற்று.

ஒரு கைப்பிடி ஆற்று மணல்

தேய்மானக் கேள்விக்கு இன்னும் சுருக்கமான வழி ஒன்று உண்டு. ஊரில் எல்லா வீட்டுப் பானையும் தேய்த்த தண்ணீர் ஒரே வாய்க்காலில் ஓடினால், வாய்க்காலில் ஒரு செம்பு மொண்டால் ஊர்ச் சராசரி தெரிந்துவிடும். ஆறும் அப்படித்தான். மேலே உள்ள ஒவ்வொரு சரிவும் தன் பங்குக்கு மணலை அனுப்புகிறது. ஆறு கலக்கிக் கொடுக்கிறது. ஒரு கைப்பிடி மணலில் பெரிலியம்-10 அதிகம் இருந்தால் மணிகள் மேற்பரப்பில் நெடுநாள் தங்கி வந்தவை, மலை மெதுவாகத் தேய்கிறது. குறைவாக இருந்தால் வேகமாகத் தேய்கிறது.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், மகாவலி ஆற்றின் மேற்பகுதியில் திலக் ஹேவவசமும் ஃப்ரீட்ஹெல்ம் ஃபான் பிளாங்கன்பர்க்கும் பீட்டர் குபிக்கும் இதைச் செய்தார்கள். செங்குத்துச் சரிவு, கொட்டும் மழை, வெப்பம். மலை வேகமாகக் கரையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். காடு இன்னும் நிற்கும் சிற்றாறுகளின் மணல் வேறு சொன்னது: ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை. உலகின் மலைப்பகுதிகளிலேயே இது மிகக் குறைந்த வேகங்களில் ஒன்று. மழையும் சரிவும் மட்டும் மலையைக் கரைத்துவிடாது என்பதற்கு இந்த அளவு சான்றாயிற்று.

பிறகு தேயிலையும் காய்கறியும் பயிராகும் சரிவுகளிலிருந்து இன்று ஆற்றில் போகும் மண்ணை அதோடு ஒப்பிட்டார்கள். 2003-இல் வெளியான விடை: இயற்கை வேகத்தைப்போல் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை. ஆற்றில் போகும் மண்ணை எடை போடும் பழைய அளவைகள் இன்றைய வேகத்தை மட்டுமே காட்டும். எதோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு அவற்றிடம் பதில் இல்லை. மனிதன் கைவைப்பதற்கு முன் அந்த மலையின் இயல்பான வேகம் என்ன என்பதைப் பல ஆயிரம் ஆண்டுச் சராசரியாக மணலிலிருந்தே எடுத்துக் கொடுத்தது பெரிலியம்-10. பாறை சிதைந்து புது மண் உருவாகும் வேகமும் ஏறக்குறைய அதுவே. ஒரு சரிவில் இருபது சென்டிமீட்டர் மண் போய்விட்டால் அதை மீண்டும் உண்டாக்க அந்த மலைக்குப் பத்தாயிரம் ஆண்டுக் கணக்கில் ஆகும். மலைநாட்டில் எந்தச் சரிவில் என்ன பயிர், எங்கே கல்வரப்பு, எங்கே காட்டை விட்டுவைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் கையில் இருக்க வேண்டிய எண் அது.